தராசில் ஏறுமுன் சொல்கிறேன்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது, கோச்சடை வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் ஜெர்மனி போறது பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லுங்கப்பா. இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என்னைய அனுப்பாதீங்க" என்றாய். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பாத்துப் போ" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாய். ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை நான் சிரிக்க முயன்றுகொண்டுதான் நின்றேன். உள்ளே வந்ததும் உன் அம்மா, "பெத்த பிள்ள கண்ணக் கசக்கிட்டுப் போகுது, உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதை வாங்கி வைத்துக்கொள். உனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று மண்டியில் அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். உன் சேகர் மாமா ஊரெல்லாம் போன் போட்டு, "எங்க பாப்பா மூளையப் பத்திப் படிக்கப் போகுது, எங்க வீட்டுல அது இருக்கிற ஒரே ஆளு அதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குச் சந்தோஷம். அது முகத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஏன் வந்து சேரவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், இப்போதெல்லாம் நான் பேசுவது எதிராளிக்குப் பாதிதான் கேட்கிறது. நீயே நாலு தடவை "சத்தமாப் பேசுங்கப்பா" என்கிறாய்.

மூட்டை தூக்க வந்த ஊரில் நான் சொந்தமாக மிளகாய் வத்தல் மண்டி போட்டபோது எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சரக்கில் குறை இருந்தால் தராசில் ஏறுமுன் சொல்லிவிட வேண்டும். ஏறிய பிறகு சொன்னால் அது சமாதானம். சொல்லாமலே விட்டால் திருட்டு. நான் யோக்கியன் என்பதற்காக வைத்த வழக்கம் இல்லை இது. மேலே நல்ல வத்தலைப் பரப்பி அடியில் சோடை வத்தலைப் போட்டு விற்றவர்கள் எல்லாம் ஒரு சீசன் பார்த்தார்கள். அடுத்த சீசனில் அவர்கள் கடை வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லை. கணக்குப் பார்த்து வைத்த வழக்கம்தான். ஆனால் நாள்பட நாள்பட அது கணக்கைத் தாண்டி உடம்பில் ஊறிவிட்டது. நீ இந்த மாதக் கடைசியில் விமானம் ஏறுகிறாய். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு போட்டிக்குப் பேர் கொடுத்தாயே, அங்கிருந்து வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூளை, நரம்பு பற்றி நாடு முழுக்க நடக்கிற போட்டி என்று உங்கள் உயிரியல் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். நீ கையெழுத்துக்கு வந்து நின்றாய். நான் என் புத்தியைக் காட்டினேன்.

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

"அடுத்த ரவுண்டுக்குப் போகலாம்ப்பா."

"அதுலயும் ஜெயிச்சா?"

"அதுக்கு அடுத்த ரவுண்டு."

"கடைசி வரைக்கும் கைக்கு ஒண்ணும் வராதா?"

"மூளை எப்படி வேலை செய்யுதுன்னு தெரியும்ல."

"அது தெரியாமத்தான் இம்புட்டு வருசமா யாவாரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "அதான் பாக்குறமே" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் நடந்த சுற்றுக்கு உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கடைக்குப் போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சீசன் நேரத்தில் நான் கடைக்குப் போகாமல் இருந்தது உன் பிறப்புக்கும் அன்றைக்கும்தான். நீ தேர்வாகி ஓடி வந்தபோது எனக்கு அந்தப் போட்டியின் பேர்கூட வாயில் நுழையவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நம் பரவை குடோனில் எல்லாரிடமும் நான்தான் அதில் ஜெயித்தவன்போலப் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்றில் நோயாளி மாதிரி ஒருவர் வந்து உட்காருவார், பிள்ளைகள் பார்த்து, கேட்டு, என்ன நோய் என்று எழுத வேண்டும் என்றாய். அதற்கு வீட்டில் பழக ஆள் வேண்டும். நானும் சேகரும் அகப்பட்டோம். ஒருநாள் எனக்குப் பக்கவாதம், ஒருநாள் அவனுக்கு வலிப்பு. சேகர் வலிப்பு நடித்து நாற்காலியை உடைத்தான். "மறதி நோய்க்கு இவரு நடிக்கவே வேணாம், கழட்டி வச்ச கண்ணாடிய ஒரு மணி நேரமாத் தேடிக்கிட்டு இருக்காரு" என்று உன் அம்மா சொன்னாள். நடுக்குவாதம் என் முறைக்கு வந்தது. பேரிலேயே நடுக்கம் இருக்கிறதே என்று நான் இரண்டு கையையும் உதறு உதறென்று உதறினேன். காப்பி டம்ளரைப் பிடித்தால் சட்டையெல்லாம் காப்பி. நீ விழுந்து விழுந்து சிரித்து, "பார்க்கின்சன்" என்று எழுதிக்கொண்டாய். ஒவ்வொரு முறையும் கைதட்டு வாங்கினேன். நீ கற்க வேண்டியதைவிட என் நடிப்புதான் எனக்குப் பெரிதாகிவிட்டது.

அப்போதுதான் ஒருநாள் மண்டிக்கு வந்து, தும்மித் தும்மி மூக்குச் சிவந்து, எனக்கொரு பாடம் நடத்தினாய். வாசனையை எடுத்துப் போகிறது ஒரு நரம்பு, வத்தல் காரம் மூக்கில் ஏறுகிறதே அதை எடுத்துப் போகிறது வேறு நரம்பு, இரண்டும் ஒன்றில்லை என்றாய். "ஒரே மூக்குதானடி ஆத்தா, அதுக்கு எதுக்கு ரெண்டு லைனு?" என்றேன். என் கண்ணைத் துண்டால் கட்டி ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து நீட்டினாய். இது ராமநாதபுரம் குண்டு, இது சாத்தூர்ப் பக்கத்துச் சம்பா, இது மழையில் நனைந்து காயவைத்தது என்று அத்தனையும் சரியாகச் சொன்னேன். "உங்க முதல் நரம்பு தங்கம்ப்பா" என்றாய். யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

கடைசிச் சுற்றுக்கு நீயும் நானும் ரயிலில் போனோம். பெரிய அரங்கம். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷில் சடசடவென்று பேசின. நீ பயப்படவில்லை. நான்தான் பயந்தேன். நோயாளிச் சுற்றில் ஒரு வயதானவர் வந்து உட்கார்ந்தார். கை நடுங்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கேட்ட கேள்விக்கு மெல்ல, தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். சாப்பாட்டில் ருசியே இல்லை என்றார். நீ மனச்சோர்வு என்று எழுதினாய். சரியான விடை பார்க்கின்சன். அந்த ஒன்றில்தான் மேடை ஏறுகிற இடம் கைநழுவியது. திரும்பும்போது விடிகாலையில் திண்டுக்கல் தாண்டியதும் நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: "அவரு சோகமா இருக்காருன்னு நினைச்சேன்ப்பா. சோகம் இல்ல. முகந்தான் அசையல. நடுக்கம் இல்லாமலும் அது வரும். முதல்ல வாசனை போகும், அதைக்கூட அவரு சொன்னாரு, சாப்பாடு ருசிக்கலைன்னு. நான் கையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்." யாரைப் பார்த்துப் பழகியதால் கையையே பார்த்தாய் என்று நீ சொல்லவில்லை. சோழவந்தான் வரும்போது உனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

இனி இந்த வருசத்துக்கு வருகிறேன். சித்திரை முடிந்த சமயம் ஒரு லோடு குண்டு வத்தல் வந்தது. நிறம் நன்றாக இருந்தது. நான் ஒரு பிடி எடுத்து மோந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, நல்ல சரக்கு என்று முடித்தேன். சேகர், "மச்சான், அடியில மக்கின வாடை அடிக்கிற மாதிரி இருக்கு" என்றான். "காரம் உச்சி வரைக்கும் ஏறுது, என்னடா வாடை? உனக்குச் சளி" என்று அவன் வாயை அடைத்தேன். திருமங்கலத்தில் மசாலாப் பொடி அரைத்து விற்கிற அம்மா ஒருவர் நம்மிடம்தான் எடுப்பார், உனக்குத் தெரியும். அவருக்கும் அதிலிருந்தே எடை போட்டேன். நாலைந்து நாளில் ஒரு பையோடு வந்து என் முன்னால் கொட்டினார்.

"அண்ணே, இது உங்க கடைச் சரக்கா? மோந்து பாருங்க."

மோந்தேன். கண் எரிந்தது. "காரம் நல்லா இருக்கேம்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காரம் கிடக்கட்டும்ணே. பூஞ்சை நாத்தம் குடலப் புடுங்குது. உங்களுக்குத் தெரியலையா?"

கடையில் நின்ற எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரியவில்லை. சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் போன பிறகும் அந்த வத்தலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ நடத்திய பாடம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வருவதை வைத்து என் மூக்கு நன்றாக இருக்கிறது என்று எத்தனை காலம் நம்பியிருந்தேனோ. வேறு யாவாரம் பார்க்கிறவன் என்றால் முன்பே தெரிந்திருக்கும். பூக்கடைக்காரனுக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கும். வத்தல்காரனுக்கு அந்த இன்னொரு நரம்பு கடைசிவரை நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் அடுப்படிக்குள் போனேன். காப்பிப்பொடி டப்பாவைத் திறந்தேன். காலி அறைக்குள் தலையை நீட்டிய மாதிரி இருந்தது. பெருங்காயம், அதுவும் அப்படியே. சாமி அலமாரியில் இருந்து கற்பூரத்தை எடுத்து மோந்தேன். மூக்கில் குளிர்ந்தது. குளிர்ச்சி தெரிந்தது, கற்பூரம் தெரியவில்லை. கொரோனா வந்துபோனதன் மிச்சமாக இருக்கும் என்று மனசைத் தேற்றினேன். அப்படியும் இருக்கலாம். இன்னமும் அப்படி இருக்கலாம் என்றுதான் நினைக்கப் பார்க்கிறேன்.

ஆனால் முகத்துக்கு என்ன சொல்ல? மண்டியில் என் மதிப்பு இப்போது ஏறியிருக்கிறது, தெரியுமா? "அண்ணன் மூஞ்சியப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்று யாவாரிகள் பேசிக்கொள்கிறார்கள். பேரத்தில் எனக்கு அது லாபம். எதிராளி விலை சொல்லும்போது முன்னெல்லாம் என் புருவம் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்த லாபத்தோடு வீட்டுக்கு வந்தால், பெற்ற பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கோபம் என்று நினைக்கிறது.

காட்டிக்கொடுப்பது இப்போது கைதான். சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய், துண்டுக்குள்ளே கையை விட்டு என்னப்பா பேசுறீங்க என்று. பெரிய லோடுக்கு மற்றவர் காதில் விலை விழக்கூடாது என்பதற்காக, துண்டை மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை சொல்வோம். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை. வாய் பேசாது. போன மாதம் திண்டுக்கல் யாவாரி ஒருவரோடு அப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். சின்ன வயசுக்காரர். என் விலையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, அவர் யோசிக்கட்டும் என்று கையை அவர் உள்ளங்கையில் சும்மா வைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, வெரல் ஆடுதே. இன்னும் கொஞ்சம் எறங்குவீக போல?"

"எறங்கல."

"மூஞ்சி எறங்கலைங்குது, வெரல் எறங்குறேங்குது. நான் எதை நம்ப?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை வெளியே எடுத்தேன். பெருவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றைப் பிடித்தால் நின்றுவிடுகிறது. சும்மா இருந்தால் ஆரம்பித்துவிடுகிறது. அன்றைக்கு நான் நடித்த நடுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது ரொம்பச் சின்னது, அடக்கமானது. நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கையில் பேப்பரோ செல்போனோ வைத்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். நீ எதைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். நீதானே சொல்லிக் கொடுத்தாய். உன் பாடத்தை வைத்தே உன்னிடம் மறைத்தேன்.

சேகர் விடவில்லை. பரவை குடோனில் ஆட்கள் சாப்பிடப் போன நேரம் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "மச்சான், நீங்க பாப்பாட்ட சொல்றீகளா, நான் போன் போடவா?" என்றான்.

"என்னத்தச் சொல்ல?"

"மூக்கு போனத. மூஞ்சி போனத. கை ஆடுறத."

"நீ என்ன டாக்டரா மாப்ள?"

"நோயாளிக்கு ஆளு பத்தலைன்னு அன்னைக்கு என்னையும்தான உக்கார வச்சுச்சு பிள்ள? நாற்காலிய ஒடச்சாலும் எனக்கும் ரெண்டு விசயம் தெரியும்."

"சொன்னா டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டு இங்க வந்து உக்காந்துக்கிரும்டா."

"சொல்லாம அனுப்புனா, அங்க போயி எப்பவோ தெரிஞ்சுக்கிட்டு, ஆயுசு முழுக்க உங்களையும் திட்டும், தன்னையும் திட்டும். எது நட்டம்னு நீங்களே பாருங்க. யாவாரி நீங்கதான."

அவன் கேட்டதில் தப்பில்லை. தப்பான இடம் என் உள்ளே இருக்கிறது. அதையும் தராசில் வைத்துவிடுகிறேன். நீ போக வேண்டும் என்று நான் சொல்வது பொய்யில்லை. ஆனால் எனக்குள்ளேயே இன்னொருவன், "சொல்லிப் பாரு, பிள்ளை போகாது" என்று ஆசையோடு காத்திருக்கிறான். இந்தக் கடிதத்தையே அவன்தான் எழுத வைக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் ஒரு பக்கம் எழுதுவதற்குள் இத்தனை முறை பேனாவை வைத்துவிட்டேன். எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே வருவதை நீ இதற்குள் கவனித்திருப்பாய். அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. டாக்டரிடம் இன்னும் போகவில்லை. ராத்திரி தூக்கமில்லை. நோயைவிட, டாக்டர் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவாரே என்பதுதான் பயமாக இருக்கிறது. பேர் வைக்காதவரை அது சளி, கொரோனா மிச்சம், வயசு. அம்மாவிடமும் சொல்லவில்லை. உன் எதிரில் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும் என்று ஒத்திப்போட்டிருக்கிறேன்.

அங்கே போன பிறகு உனக்குச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். யாரும் முதலில் சொல்கிற விலைக்கு உன் உழைப்பைக் கொடுத்துவிடாதே என்று. தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொல்கிறவனோடு சேர் என்று. குளிர் ஊரில் ஒழுங்காகச் சாப்பிடு என்று. இப்போது எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நான் முகத்தைப் பார்த்தே யாவாரம் செய்து பிழைத்தவன், இருந்தும் சொல்கிறேன், ஒருவருடைய முகத்தை மட்டும் பார்த்து விலையை முடித்துவிடாதே. கேள். திரும்பவும் கேள். போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் நீ கேட்டது சரி. நான் பதில் சொல்லாததுதான் பிழை. ஒரே கேள்வியில் இரண்டு முறை தப்பு விடுகிற பிள்ளை இல்லை நீ.

வருகிற சனிக்கிழமை வா. அன்றைக்கு மாதிரி என் கண்ணைக் கட்டி காப்பிப்பொடியையும் வத்தலையும் நீட்டு. என்னைச் சிரிக்கச் சொல், நடக்கச் சொல், எழுதச் சொல். நீ எழுதுவதை எழுது. உன் விடை தப்பாக இருந்தால் திருமங்கலம்வரை லட்டு கொடுப்பேன். பிறகு திங்கட்கிழமை நீயும் அம்மாவும் நானும் டாக்டரிடம் போவோம். அவர் என்ன பேர் வைத்தாலும் அதற்கு முன்பே நம் பேரத்தை முடித்துவிட வேண்டும். அதற்குத்தான் உன்னை மண்டிக்கு அழைத்துப் போகப்போகிறேன். துண்டுக்குள் கையை விட வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருக்கிறாய், பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு என்று விரட்டியிருக்கிறேன். இந்த முறை நானே துண்டை விரிக்கிறேன். நீ இங்கேயே இருந்து என்னைப் பார்த்துக்கொள்வதாக எத்தனை விரல் வேண்டுமானாலும் பிடி, கேட்டுக்கொள்கிறேன். என் பக்கத்து விலை ஒன்றுதான். நீ போகிறாய். வருசத்துக்கு ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாய்.

சொல்லி முடித்து, நீ யோசிக்கட்டும் என்று கையை உன் உள்ளங்கையில் வைத்திருப்பேன். எதையும் பிடித்துக்கொள்ளமாட்டேன். அது ஆடும். ஆடினால் விலை இறங்குகிறேன் என்று நினைத்துவிடாதே, பாப்பா.

அப்பா